அயலார் செதுக்கிய அச்சும் நம்மவர் கைக்காசும்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். ஏறத்தாழ 1810ஆம் ஆண்டில் அவ்வூர்க் கடைத்தெருவில் ஒருவர் உப்பும் மிளகாயும் வாங்கியிருந்தால், கடைக்காரரிடம் அவர் நீட்டிய சில்லறையில் ஒரு புதுவகைச் செம்புக் காசும் இருந்திருக்கக்கூடும். அது சுமார் 30 மில்லி மீட்டர் விட்டமும், 9 கிராமுக்குச் சற்றே மிகுந்த எடையும் கொண்டது. சீரான வட்டம், வழவழப்பான விளிம்பு. ஒரு காசுக்கும் அடுத்த காசுக்கும் மயிரிழை வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. ஒருபுறம் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கேடயம், அதனைச் சுற்றி ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், கீழே ஆண்டு. கேடயத்தின் அடியில் உள்ள நாடாவில் இலத்தீன் வாசகம். மறுபுறம் 'இருபது காசு நான்கு ஃபலூஸ்' என்று பாரசீக மொழியில் பொறிப்பு. அதன்கீழ் ரோமன் எண்ணில் இருபது.

ஆங்கிலம், இலத்தீன், பாரசீகம் என ஒரே காசில் மூன்று மொழிகள் இருக்கின்றன. அக்காசை நாள்தோறும் கையாண்ட உழவரும் நெசவாளரும் தோல் பதனிடுவோரும் பேசிய மொழி மட்டும் அதில் இல்லை.

இக்காசு சென்னையில் அடிக்கப்பட்டதன்று. கடல் கடந்து, வெகுதொலைவில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே நீராவி இயந்திரத்தால் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. அங்கே நாணய அச்சுகளைச் செதுக்கும் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தவரும் ஆங்கிலேயர் அல்லர். ஐரோப்பாவின் வேறொரு பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தமிழ்நாட்டுக் காசு, ஆங்கிலேயர் ஆலை, அயல்நாட்டார் உளி என்ற இவ்விந்தைக் கூட்டு எப்படி உண்டாயிற்று? எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே கதை சீன நாட்டில் வேறொரு வடிவில் எப்படித் தொடர்ந்தது? இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தால், நாணயத்தைப் பற்றி மட்டுமன்றித் தொழில்நுட்பத்தை இரவல் வாங்குவது பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

மாதிரி நாணயம் என்பது யாது?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள காலணித் தொழிலாளருக்குச் 'சாம்பிள்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வணிகர் ஆயிரக்கணக்கான இணைகளுக்கு ஆர்டர் கொடுக்குமுன், ஓரிரண்டு இணைகளை மட்டும் செய்து அனுப்பச் சொல்வார். தோலின் நிறம் சரியா, தையல் சரியா என்று பார்ப்பார். ஒப்புதல் கிடைத்தால் பெருமளவில் உற்பத்தி தொடங்கும். கிடைக்காவிட்டால் அந்த இணை அலமாரியில் தங்கிவிடும்.

நாணயத்திலும் இதுவே முறை. ஓர் அரசு புதிய நாணயம் வெளியிட எண்ணும்போது, செதுக்குநர் வரைந்த உருவத்தை உண்மையான உலோகத்தில் அடித்துப் பார்ப்பது வழக்கம். இதுவே மாதிரி நாணயம். சில மாதிரிகள் அப்படியே ஏற்கப்படும், சில திருத்தப்படும், பல தள்ளப்படும். தள்ளப்பட்டவை கடைத்தெருவுக்கு வருவதில்லை. ஆகையால் அவை மிக அரிதாகின்றன.

அருமை ஒன்றே அவற்றின் சிறப்பு என்று எண்ணிவிடக் கூடாது. புழக்கத்துக்கு வந்த நாணயம் ஓர் அரசின் இறுதி முடிவை மட்டுமே காட்டும். மாதிரி நாணயமோ, முடிவு செய்யுமுன் நிகழ்ந்த தயக்கத்தையும் வாதத்தையும் காட்டும். அரசர் பெயரை எங்கே வைப்பது, எந்த மொழியில் எழுதுவது, எவ்வளவு வெள்ளி சேர்ப்பது என்றெல்லாம் எழுந்த கேள்விகளின் சுவடுகள் அதில் உறைந்து கிடக்கின்றன.

உளியும் அச்சும்

நாணயம் அடிக்க இரண்டு வகைக் கருவிகள் வேண்டும். முதலாவது, தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டி எடுக்கும் வெட்டச்சு. காலணி ஆலைகளில் தோலை வெட்டும் 'டை' செய்யும் வேலையை இது ஒத்தது. இரண்டாவது, வில்லையின் இருபுறமும் உருவத்தைப் பதிக்கும் முத்திரை அச்சு. செதுக்குநரின் கைத்திறன் விளங்குவது இதில்தான்.

முத்திரை அச்சில் எல்லாம் தலைகீழ் முறையில் அமைய வேண்டும். காசில் மேடாக இருக்க வேண்டியது அச்சில் பள்ளமாக இருக்கும். வலம் இடமாகும், இடம் வலமாகும். மென்மையான எஃகுத் துண்டில் செதுக்குநர் சிறு உளிகளால் உருவத்தைக் குடைவார். வேலை முடிந்ததும் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கிய பின் அச்சு வெடித்துவிடும். எனவே, முதலில் ஒரு தாய் அச்சைச் செய்து, அதிலிருந்து மேடான எழுத்தாணி போன்ற ஒரு கருவியை எடுத்து, அக்கருவியைக் கொண்டு பல சேய் அச்சுகளை அழுத்தி எடுக்கும் முறை உருவாயிற்று. ஒரே கையால் செதுக்கிய உருவம் இலட்சக்கணக்கான காசுகளில் பிசகாமல் வருவதன் இரகசியம் இதுவே.

தாய்மொழி எழுத்தையே கண்ணாடி பிம்பம்போல் தலைகீழாகக் குடைவது அரிய வேலை. தமக்குத் தெரியாத பாரசீக எழுத்தை, பிறர் எழுதிக் கொடுத்த படியைப் பார்த்து, பர்மிங்காமில் ஒருவர் தலைகீழாகக் குடைவது எவ்வளவு அரிது! ஒரு புள்ளி இடம் மாறினாலும் அங்கே சொல்லே மாறிவிடும்.

சம்மட்டி அடித்த காலம்

சோஹோ ஆலைக் காசு வருமுன் நம் நாட்டில் நாணயம் இல்லாமலா இருந்தது? வேலூருக்குக் கிழக்கே உள்ள ஆற்காட்டின் பெயர் நாணய உலகில் நெடுங்காலம் நிலைத்த பெயர். 1736இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ரூபாய் அடிக்க ஆற்காட்டு நவாபிடம் உரிமை பெற்றனர். ஆங்கிலேயரும் சில ஆண்டுகளில் சென்னையில் ஆற்காட்டு ரூபாயை அடிக்கத் தொடங்கினர். ஆற்காட்டில் அடிக்காவிட்டாலும் காசில் ஆற்காட்டின் பெயரே இருந்தது. மக்கள் நம்பிய பெயர் அதுவாதலால் அதை மாற்றக் கம்பெனி துணியவில்லை. 1759இல் கொலையுண்ட முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர், அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சென்னை ரூபாயில் அச்சிடப்பட்டு வந்தது. அரசர் மறைந்தும் அச்சு மறையவில்லை எனலாம்.

செம்புச் சில்லறையின் கதை வேறு. அது பெரும்பாலும் கையால் அடிக்கப்பட்டது. ஓர் அச்சைக் கட்டையில் பதித்து, அதன்மேல் செம்புத் துண்டை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். துண்டு அச்சைவிடச் சிறிதாக இருந்தால் எழுத்தில் பாதி வெளியே போய்விடும். எடையும் வடிவமும் காசுக்குக் காசு மாறும். கள்ளக் காசு செய்வோருக்கு இது வசதியாயிற்று. காசின் தரம் பார்த்து மாற்றிக் கொடுக்கும் சராப்புகளுக்கோ இதுவே பிழைப்பாயிற்று. நூறு காசை மாற்றப் போன ஏழை, வட்டம் என்றும் கழிவு என்றும் சிலவற்றை இழந்தே திரும்புவார்.

ஆயினும் அந்தக் கோணல் காசுகளில் ஒரு நேர்மை இருந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்த சிறு செம்புக் காசில் 'புதுச்சேரி' என்று தமிழில் எழுதியிருந்தது. டச்சுக்காரர் அடித்த காசில் 'நாகப்பட்டணம்' என்று தமிழ் எழுத்து இருந்தது. உள்ளூர்க் கம்மியர் அச்சு வெட்டினர். உள்ளூர் மக்கள் படித்தனர். இக்காசுகளின் மதிப்பில் ஐயம் எழலாம், மொழியில் ஐயமில்லை.

சோஹோ ஆலையின் செதுக்குநர்கள்

இந்நிலையை மாற்றியவர் மாத்யூ போல்ட்டன் (1728–1809) என்னும் பர்மிங்காம் தொழிலதிபர். நீராவி இயந்திரத்தைச் செம்மை செய்த ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி இவர். இங்கிலாந்தில் அக்காலத்துச் செம்புக் காசுகளில் கள்ளக் காசே மிகுந்திருந்தது. ஒவ்வொரு காசும் ஒரே வட்டம், ஒரே கனம், ஒரே ஆழம் என்று இருந்தால் கள்ளக் காசு தானே வெளிப்பட்டுவிடும் என்று போல்ட்டன் கருதினார். 1788இல் பர்மிங்காமுக்கு அருகே சோஹோ என்னுமிடத்தில், நீராவியால் இயங்கும் நாணயச்சாலையை அவர் தோற்றுவித்தார். அங்கே ஓர் அச்சு இயந்திரம் நிமிடத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட காசுகளை அடித்தது. காசு அடிபடும்போது பிதுங்கிப் பரவாதபடி வில்லையைச் சுற்றி ஓர் எஃகு வளையம் இறுகப் பிடித்துக்கொண்டது. காசு சீரான வட்டமாக அமைந்தது இவ்வளையத்தால்தான்.

இயந்திரம் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்கேற்ற அச்சு செதுக்கத் தக்க கைகள் அருகில் கிடைக்கவில்லை. போல்ட்டன் ஐரோப்பாவெங்கும் ஆள் தேடினார். பாரிசில் பணிபுரிந்த சுவிட்சர்லாந்துக்காரரான ழான் பியேர் துரோ என்பவரை 1787இல் ஒப்பந்தம் செய்தார். துரோ செதுக்கிய அரைப் பென்னி மாதிரிகள் மிக நேர்த்தியானவை. இன்றும் சேகரிப்போர் போற்றுபவை. ஆனால் அவை மாதிரிகளாகவே நின்றுவிட்டன. பிரிட்டிஷ் அரசு போல்ட்டனுக்குச் செம்புக் காசு அடிக்கும் ஆணையைத் தந்தது 1797இல்தான். அதற்கு முன்பே துரோவும் போல்ட்டனும் மனம் கசந்து பிரிந்துவிட்டனர்.

அடுத்து 1793இல் வந்து சேர்ந்தவர் கான்ராட் ஹைன்ரிஷ் கூஷ்லர். 1810இல் இறக்கும்வரை அவர் சோஹோவிலேயே பணியாற்றினார். பிரிட்டனில் 1797இல் வெளிவந்த, வண்டிச்சக்கரம் என்று மக்கள் கேலியாக அழைத்த பெரிய செம்புப் பென்னிகள் அவர் செதுக்கிய அச்சில் பிறந்தவை. சென்னை மாகாணத்துக்கு 1803இல் சோஹோ ஆலை காசு அடித்தபோதும் அங்கே தலைமைச் செதுக்குநர் அவரே.

கூஷ்லரின் கைவேலை வேறொரு வழியிலும் இப்பகுதியைத் தொட்டது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அவருடைய மக்கள் வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். அப்போரில் ஈடுபட்டோருக்கு வழங்கக் கம்பெனி ஒரு பதக்கம் செய்வித்தது. சிங்கம் புலியை வீழ்த்துவதுபோல் அமைந்த அப்பதக்கத்தின் உருவத்தைச் செதுக்கியவர் கூஷ்லரே. அவர் பெயரின் தலைப்பெழுத்துகளும் அதில் உண்டு. உயர் தளபதிகளுக்குத் தங்கம். அடுத்தவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. பின்னர் வெள்ளி, வெண்கலம் என்று படிப்படியாக இறங்கி, சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம்! ஒரே அச்சு, ஒரே சிங்கம், உலோகம் மட்டும் பதவிக்கேற்ப மாறியது.

கணக்கும் காசும்

இருபது காசு நாணயத்தின் மதிப்பை அறிய அக்காலத்துச் சென்னைக் கணக்கு தெரிய வேண்டும். 80 காசு கொண்டது ஒரு பணம். 42 பணம் கொண்டது ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடு என்பது வழக்கமான மாற்று. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 12 பணம், அதாவது 960 காசு. இருபது காசு நாணயத்தில் 48 சேர்ந்தால் ஒரு ரூபாய்.

இதிலிருந்து மற்றொரு கணக்கும் போடலாம். நூறு ரூபாயைச் செம்பில் கொடுக்க 4,800 காசு வேண்டும். அவற்றின் எடை ஏறத்தாழ 45 கிலோ! சில்லறை வணிகத்துக்கு இவை எவ்வளவு தேவையோ, பெருவணிகத்துக்கு அவ்வளவு பாரம். சென்னைத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குச் செம்புக் காசைக் கொண்டு செல்ல மாட்டு வண்டியே துணை.

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பெனியின் கைக்கு முழுதும் மாறியது. வரி வசூலும் வழக்கும் அதன் பொறுப்பாயின. இரண்டே ஆண்டில் ஒரு காசு, ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு என நான்கு வகைச் சோஹோ நாணயங்கள் வந்திறங்கின. எடையில் வஞ்சனையில்லை, வடிவில் குறையில்லை. கள்ளக் காசிலிருந்து ஏழையைக் காக்க இதைவிட நல்ல வழி அக்காலத்தில் இல்லை. ஆனால் அதன் மதிப்பைப் படித்தறிய அவரால் இயலவில்லை. சராப்பின் தராசிலிருந்து விடுபட்டவர், இப்போது எழுத்தறிந்தவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியவரானார். பருமனைப் பார்த்தே இது இருபது, இது பத்து என்று பழகிக்கொண்டார்.

கடலடியில் கிடைத்த சான்று

1808ஆம் ஆண்டிட்ட பத்து காசு, இருபது காசு நாணயங்கள் அடுத்த தவணையாக அடிக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கம்பெனிக் கப்பல். 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி அது உடைந்தது. 'பிரிட்டானியா' என்ற மற்றொரு கம்பெனிக் கப்பலும் அதே புயலில் அங்கே அழிந்தது. டன் கணக்கான செம்புக் காசுகள் மணலுக்குள் புதைந்தன.

1980களில் அக்கப்பலின் எச்சம் கண்டறியப்பட்டு, இலட்சக்கணக்கான காசுகள் வெளியே எடுக்கப்பட்டன. சில காசுகள் கடல்நீர் அரித்துச் சொரசொரப்பாகியிருந்தன. காற்றும் நீரும் புகாமல் குவியலின் நடுவே இருந்தவையோ புத்தம் புதிதாக இருந்தன. ஒருவர் கையும் படாத காசுகளாதலால் அச்சின் நுணுக்கம் முழுதும் அவற்றில் தெரிகிறது. பாலாற்றங்கரைச் சந்தைக்கு வந்து தேய்ந்திருக்க வேண்டிய காசு, கடலடியில் கிடந்து தேயாமல் தப்பியது!

சென்னைத் தங்கசாலையின் விடை

இதற்கிடையே சென்னையிலும் மாற்றம் நிகழ்ந்தது. சென்னையில் இன்றும் தங்கசாலைத் தெரு என்று வழங்கும் பெயர் நாணயச்சாலையின் நினைவாக நிற்பதே. 1807ஆம் ஆண்டையொட்டி அச்சாலையில் புதிய இயந்திரங்களைக் கொண்டு வெள்ளி நாணயங்கள் அடிக்கத் தொடங்கினர். அரை வராகன், கால் வராகன், பணம் எனப் பல வகைகள் வந்தன. வெள்ளி எங்கிருந்து? தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் தோண்டி ஸ்பானிய அரசர் உருவத்தோடு அடித்த டாலர்களிலிருந்து. சில அரை வராகன்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், பழைய ஸ்பானிய எழுத்தின் சுவடு மேலச்சுக்கு அடியில் இன்னும் தெரியும்.

அந்த அரை வராகனின் ஒருபுறம் கோயில் கோபுரம், அதன் இருமருங்கும் விண்மீன்கள். மறுபுறம் திருமால் உருவம். ஆங்கிலமும் பாரசீகமும் இருந்தன. அவற்றோடு தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. சோஹோவின் செம்புக் காசோடு ஒப்பிட்டால் இவற்றின் வேலைப்பாடு முரடானதே, எழுத்துகள் ஒரே அளவில் இல்லை, உருவத்தில் மெருகில்லை. எனினும், பயன்படுத்தும் மக்கள் யார் என்பதை அறிந்து செய்த காசு அது.

கம்பெனி தமிழ்ப்பற்றால் இதைச் செய்தது என்று கொள்ள வேண்டியதில்லை. மக்கள் தயங்காமல் வாங்க வேண்டும் என்ற வணிகக் கணக்கே இதற்குக் காரணம். அந்தக் கணக்கு சரியாக இருந்தது. அச்சுத் தொழில் தெரிந்தவர் தொலைவில் இருக்கலாம். காசில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர் சந்தைக்கு அருகில் இருந்தாக வேண்டும்.

1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு கைவிடப்பட்டு ரூபாய்க் கணக்கு வந்தது. 1835இல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் என்றாயிற்று. அதில் அரசர் தலையும் ஆங்கிலமும் பாரசீகமும் இருந்தன. கோபுரமும் தமிழும் மறைந்தன.

சோஹோவிலிருந்து சீனத்துக்கு

சோஹோ நாணயச்சாலை 1850இல் மூடப்பட்டு, அதன் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. அச்சு இயந்திரங்கள் சிலவற்றை ரால்ஃப் ஹீட்டன் என்பவர் வாங்கினார். அவர் தொடங்கிய ஆலையே பின்னர் பர்மிங்காம் நாணயச்சாலை என்று புகழ்பெற்றது. சீன அரசு முதன்முதலாகப் பெரிய அளவில் இயந்திர நாணயச்சாலை அமைக்க முனைந்தபோது நாடியது இந்த ஹீட்டன் ஆலையைத்தான். சென்னைக் காசை அடித்த சாலையின் வழித்தோன்றல் சீனத்துக்குச் சென்றது இவ்வாறே.

சீனர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சதுரத் துளையுள்ள செம்புக் காசுகளை அச்சில் வார்த்துப் பயன்படுத்தியவர்கள். நம் தஞ்சைப் பகுதியிலும் அத்தகைய காசுக் குவியல்கள் கிடைத்துள்ளன. ஆனால் பெரிய வணிகத்துக்கு அவர்கள் வெள்ளியை எடை போட்டே கொடுத்தனர். அதனால் முதலில் ஸ்பானிய டாலரும் பின்னர் மெக்சிகோ டாலரும் அந்நாட்டுத் துறைமுகங்களில் புகுந்து ஆட்சி செய்தன. ஒவ்வொரு வெள்ளியையும் சோதித்து முத்திரை குத்தும் ஆளை அங்கிருந்த ஆங்கிலேயர் 'ஷ்ராஃப்' என்றழைத்தனர். நம்மூர்ச் 'சராப்பு'தான் அது! இந்தியாவிலிருந்து கப்பலேறிய அச்சொல் ஹாங்காங்கில் இன்றும் பணம் கட்டும் இடத்தைக் குறிக்கிறது.

அயல்நாட்டு டாலருக்கு ஈடாகத் தம் நாட்டு நாணயம் வேண்டும் என்று கருதினார் கான்டன் பகுதித் தலைமை ஆளுநர் சாங் சுதுங். 1887இல் ஹீட்டன் ஆலையோடு ஒப்பந்தம் ஆயிற்று. தொண்ணூறு அச்சு இயந்திரங்களுடன் 1889இல் எழுந்த கான்டன் நாணயச்சாலை, அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது. அதன் முதல் அச்சுகளை இங்கிலாந்தில் செதுக்கியவர், நாணயச் செதுக்குத் தொழிலில் பல தலைமுறை கண்ட வயன் குடும்பத்தைச் சேர்ந்த ஆலன் வயன். ஒருபுறம் பேரரசர் ஆட்சிப் பெயர், மறுபுறம் சுருண்டெழும் நாகம்.

முதல் மாதிரியிலேயே இரண்டு கேள்விகள் எழுந்தன. முதலாவது எடை. மெக்சிகோ டாலர் ஏறத்தாழ 7 மேஸ் 2 கேண்டரீன் எடையுள்ளது. கேண்டரீன் என்னும் இந்த எடைப் பெயர் மலாய் மொழி வழியாக நம் குன்றிமணியிலிருந்து சென்றது என்று சொல்லாய்வாளர் கூறுவர். சீன மாதிரி நாணயம் மக்களைக் கவர வேண்டுமென்று 7 மேஸ் 3 கேண்டரீன் எடையில் செய்யப்பட்டது. ஆனால் ஒரே விலைக்கு எடை மிகுந்த காசும் குறைந்த காசும் சந்தையில் உலவினால், மிகுந்ததை மக்கள் உருக்கிவிடுவர் அல்லது பதுக்குவர். ஆகவே எடை 7 மேஸ் 2 கேண்டரீனுக்குக் குறைக்கப்பட்டது. எடை மிகுந்த முதல் வகை அரிய பொருளாயிற்று.

இரண்டாவது மொழி. முதல் அச்சில் பேரரசரின் ஆட்சிப் பெயரைச் சுற்றி ஆங்கில எழுத்துகள் அமைந்திருந்தன. ஆள்வோரின் பெயரை அயல் எழுத்து வளைத்து நிற்பது தகுமா? ஆங்கிலம் நாகம் இருந்த பின்புறத்துக்கு மாற்றப்பட்டது. முன்புறத்தில் சீன எழுத்து மட்டுமே நின்றது. வயனின் நாகம் மாறவில்லை. எழுத்தின் இடம் மாறியது. திறமை எவருடையது என்பது ஒன்று. சொல்ல வேண்டியதை முடிவு செய்பவர் எவர் என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்த செயல் இது.

இதன் பின்னும் அயல்நாட்டுச் செதுக்குநர் சீனத்தில் தொடர்ந்தனர். இத்தாலியரான லூயிஜி ஜார்ஜி, தியன்சின் நாணயச்சாலையில் பணிபுரிந்தார். 1911இன் நாக டாலர்களும், 1914இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் உருவோடு வெளிவந்த டாலரும் அவர் கைவேலை. மாதிரிகள் சிலவற்றில் தலைவரின் உருவத்தருகே ஜார்ஜி தம் பெயரைப் பொறித்தார். புழக்கத்துக்கு வந்த காசில் அப்பெயர் இல்லை. கோடிக்கணக்கான கைகளில் உலவிய காசில் பெயரற்றவர். சில மாதிரிகளில் மட்டுமே பெயருள்ளவர்!

சன் யாட்சென் உருவம் தாங்கிய புதிய டாலருக்காக 1929இல் சீன அரசு பிரிட்டன், அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து மாதிரிகளை வரவழைத்தது. ஒரே முகத்தை ஐந்து நாட்டு உளிகள் ஐந்து விதமாகச் செதுக்கின. 1932இல் வெளிவந்த பாய்மரக் கப்பல் டாலரில் மூன்று பறவைகளும் எழும் கதிரவனும் இருந்தன. முந்திய ஆண்டில்தான் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் புகுந்திருந்தது. பறவைகள் ஜப்பானிய வானூர்திகளாகவும், கதிரவன் ஜப்பானியக் கொடியாகவும் மக்கள் கண்ணுக்குப் பட்டன. அடுத்த ஆண்டு டாலரில் பறவையும் இல்லை, கதிரவனும் இல்லை. அழகுக்கென்று செதுக்கியது சந்தையில் வேறு பொருள் கொண்டுவிட்டது.

இந்தியாவும் இக்கதையில் பங்கு கொண்டது. 1895 முதல் சீனக் கடற்கரை வணிகத்துக்கென்று பிரிட்டிஷ் டாலர் அடிக்கப்பட்டது பெரும்பாலும் பம்பாய் நாணயச்சாலையிலேயே. அதில் ஆங்கிலத்தோடு சீனமும் மலாயும் இருந்தன.

மெய்யும் போலியும்

சோஹோ ஏலத்தில் பழைய அச்சுகளும் விலைபோயின. அவற்றை வாங்கிய இலண்டன் அச்சுத் தொழிலாளரான டெய்லர், பல ஆண்டுகளுக்குப் பின் அதே அச்சுகளைக் கொண்டு புதிய படிகளை அடித்து விற்றார். அச்சு மெய், காலம் பொய். இதைக் கண்டறிவது எப்படி?

இரும்பின் இயல்பே இதற்கு உதவுகிறது. நெடுநாள் கிடந்த எஃகு அச்சு துருப்பிடித்துச் சிறு குழிகள் விழும். அச்சின் குழி காசில் மேடாகும். எனவே மறு அச்சுகளில் வழவழப்பான பரப்பில் பருக்கள் போன்ற சிறு மேடுகள் தென்படும். எடையும் பார்க்க வேண்டும். வார்த்துச் செய்த போலியாயின் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். பரப்பில் காற்றுக் குமிழிகளின் தடம் இருக்கும். சீன மாதிரி நாணயங்களுக்கு இன்று பெருவிலை கிடைப்பதால் அவற்றில் போலிகள் ஏராளம். எடை, விட்டம், உலோகத்தின் அடர்த்தி ஆகிய மூன்றையும் அளந்து பார்க்காமல் எவரும் எதையும் நம்பலாகாது.

வீட்டில் பழங்காசு வைத்திருக்கும் வாசகர்கள் புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்க்க வேண்டாம். செம்பின் மேல் படிந்த கரும்பழுப்புப் படலம் அழுக்கன்று. காசைக் காக்கும் போர்வை. தேய்த்தால் பளபளப்பு வரும், சான்று போய்விடும். நிலத்தடியில் குவியலாகக் காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தனிக் காசைவிடக் குவியலே வரலாற்றுக்கு மிகுதியாகப் பேசும். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதே ஆய்வாளருக்கு முதன்மையான செய்தி.

இன்று இந்தியாவின் நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளில் அடிக்கப்படுகின்றன. ஆண்டுக்குக் கீழே விண்மீன் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. சாய்சதுரம் இருந்தால் மும்பை. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. நாணயத்தில் எழுத்து அறியாதவரும், கண்பார்வை அற்றவரும் தடவி அறியும்படி விளிம்பிலும் வடிவிலும் வேறுபாடு வைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 1803இல் விரிஞ்சிபுரத்து உழவர் பருமனைக் கொண்டே காசை அறிந்துகொண்ட நிலையை, இன்றைய அச்சுத் தொழில் அறிந்தே செய்ய முனைகிறது எனலாம்.

இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். கைத்திறனைக் கூலிக்கு அமர்த்தலாம். அவற்றில் இழிவொன்றுமில்லை, போல்ட்டனும் அதையே செய்தார், சாங் சுதுங்கும் அதையே செய்தார். ஆனால் காசை நாளும் கையாளப்போகும் மனிதரை நினைவில் வைத்து, அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பை இரவல் வாங்க முடியாது. அருங்காட்சியகப் பேழைகளில் உறங்கும் மாதிரி நாணயங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றவர்களின் கதையையும் சொல்கின்றன, தட்டிக் கழித்தவர்களின் கதையையும் சொல்கின்றன.